எதிரில் வருபவர் கண்ணுக்காக: ஹெட்லைட் ஸ்டிக்கர் பிறந்த கதை

1967இல் ஸ்வீடனில் கார் ஓட்டியவர்கள் புதிய ஹெட்லைட் வாங்கினார்கள். அதன் கண்ணாடியின் ஒரு பகுதியை வெளிச்சம் ஊடுருவாத ஸ்டிக்கர் மறைத்திருந்தது. 1967 செப்டம்பர் 3க்கு முன்பு இதை எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதிலேயே அச்சாகியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய விளக்கைக் குறிப்பிட்ட நாள்வரை அரைகுறையாக மூடியே ஓட்ட வேண்டும் என்றால் அதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். நாம் அன்றாடம் ‘டிம்’ என்று சொல்கிற வெளிச்சம் எப்படி உருவானது என்பதில்தான் அந்தக் காரணம் இருக்கிறது.

கார்கள் வந்த காலத்தில் விளக்குக்கு ஒரே வேலைதான்: ஓட்டுகிறவருக்கு வழி காட்டுவது. கார்பைடிலிருந்து வரும் அசெட்டிலின் வாயுவை எரித்து வெளிச்சம் உண்டாக்கினார்கள். மின்விளக்கு வந்து வெளிச்சம் கூடியதும் எதிரில் வருபவரின் கண் கூசத் தொடங்கியது. 1915இல் அமெரிக்காவின் கைடு லாம்ப் நிறுவனம் வெளிச்சத்தைத் தாழ்த்தக்கூடிய விளக்கைக் கொண்டுவந்தது. ஆனால், தாழ்த்துவதற்கு வண்டியை நிறுத்தி இறங்க வேண்டியிருந்தது. 1917இல் காடிலாக் கார்களில் உள்ளே உட்கார்ந்தபடியே தாழ்த்துவதற்கு ஒரு நெம்புகோல் வந்தது. 1924இல் ‘பைலக்ஸ்’ பல்பு அறிமுகமானது. ஒரே பல்புக்குள் தூரத்துக்கு ஓர் இழை, டிம்முக்கு ஓர் இழை. 1927இல் காலால் அழுத்தும் டிம் சுவிட்ச்சும் வந்துவிட்டது.

அந்த நாளைய டிம், சாலையின் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவுக்குத் தாழ்ந்தது. அதனால் இடப்பக்கம் ஓட்டும் நாட்டு வண்டியை வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குக் கொண்டுபோனாலும் விளக்கில் கைவைக்கத் தேவை இருக்கவில்லை. எதிரில் வருபவரும் பிழைத்தார். பாதிக்கப்பட்டவர், சாலை ஓரத்தில் நடப்பவர்.

இதைப் புரிந்துகொள்ள ஐரோப்பா வரை போக வேண்டாம். வந்தவாசி வட்டத்துத் தேசூரையே எடுத்துக்கொள்வோம். தறி ஓடும் ஊர். நெய்து முடித்த பட்டுச் சேலையை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த சேலைக்குப் பாவும் ஊடையும் வாங்கிக்கொண்டு இருட்டிய பிறகு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஊர் திரும்புகிறார் ஒரு நெசவாளர். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. எதிரே பஸ் வருகிறது, அவர் டிம் அடிக்கிறார். அந்த நேரத்தில் இடப்பக்க ஓரத்தில் பின்விளக்கு இல்லாத சைக்கிளோ, மாட்டு வண்டியோ, பால் கேனோடு நடந்து போகிறவரோ இருந்தால், இரு பக்கமும் தாழ்ந்த வெளிச்சம் அவர்களை எட்டுவதற்குள் வண்டி எட்டிவிடும். கூச வைக்காமலும் இருக்க வேண்டும், ஓரத்தில் இருப்பவரைக் காட்டவும் வேண்டும். இரண்டும் ஒரே விளக்கிலிருந்து வேண்டும்.

1950களின் பிற்பாதியில் ஐரோப்பியப் பொறியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். டிம் வெளிச்சம் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை. எதிரில் வருபவரின் பக்கம் தாழ்ந்தே இருக்கட்டும், சொந்த ஓரத்தின் பக்கம் மட்டும் உயரட்டும் என்று முடிவு செய்தார்கள். அப்படிப்பட்ட விளக்கைச் சுவரை நோக்கி எரியவிட்டுப் பார்த்தால், கோர்வைச் சேலையில் உடலும் கரையும் பிரிவதுபோல இருட்டும் வெளிச்சமும் துல்லியமான ஒரு கோட்டில் பிரியும். நம் ஊர் வண்டியானால் அந்தக் கோடு வலப்பக்கம் கிடையாக ஓடி, நடுவில் முறிந்து, இடப்பக்கம் ஏறும். அந்த ஏற்றம் பெரும்பாலான விளக்குகளில் 15 டிகிரி.

இதைச் செய்கிற பொருள் மிகச் சிறியது. கார்களில் பல ஆண்டுகளாகப் புழங்கும் எச்4 ஹாலஜன் பல்பில் டிம் இழைக்குக் கீழே குழிந்த உலோகத் தகடு ஒன்று இருக்கும். பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போனால் அது மேல்நோக்கித் திரும்பி எதிரில் வருபவரின் கண்ணைத் தாக்கும். அதைத் தடுக்கத்தான் தகடு. ஆனால், பாதி வட்டமான 180 டிகிரியையும் அது மூடுவதில்லை. 165 டிகிரியை மட்டும் மூடி, 15 டிகிரியைத் திறந்துவிடுகிறது. அந்த இடைவெளி வழியாகத் தப்பும் வெளிச்சம்தான் ஓரத்தில் உயர்ந்து போய்ச் சைக்கிள்காரரைக் காட்டுகிறது. 1958 ஜெனீவா ஒப்பந்தத்தின் கீழ் வாகனங்களுக்காக ஐ.நா. வகுத்த ஒழுங்குவிதிகளில் முதல் எண் கொண்ட விதியே, இப்படி ஒரு பக்கம் உயரும் டிம் விளக்கைப் பற்றியதுதான்.

ஓரத்தில் போகிறவரைக் காப்பாற்றப் பிறந்த இந்த விளக்கு, எல்லை தாண்டியதும் ஆளை மாற்றிவிடுகிறது. இடப்பக்க நாட்டுக்குச் செய்த விளக்கோடு வலப்பக்கம் ஓட்டினால், உயரும் வெளிச்சம் நேராக எதிரில் வருபவரின் கண்ணுக்குப் போகும். ஓரத்தில் நடப்பவரோ இருட்டில் நிற்பார். பழைய டிம் இரு நாடுகளுக்கும் பொதுவாக இருந்தது. நுட்பம் கூடிய புதிய டிம், சாலையின் பக்கம் மாறினால் தானும் மாற வேண்டியதாயிற்று.

ஒரு நாடு முழுவதும் ஒரே நாளில் இந்தச் சிக்கலைச் சந்தித்தது ஸ்வீடனில். 1955இல் நடந்த பொது வாக்கெடுப்பில் ஏறக்குறைய 83 விழுக்காட்டினர் வலப்பக்கம் மாறுவதை எதிர்த்தார்கள். ஆனாலும் 1963இல் நாடாளுமன்றம் மாறுவதென்று முடிவு செய்தது. 1967 செப்டம்பர் 3 அதிகாலை 4:50க்கு வண்டிகள் நின்று, மெல்லப் பக்கம் மாறி, 5 மணிக்கு மீண்டும் புறப்பட்டன. ஏறத்தாழ 3,60,000 சாலைப் பலகைகளை மாற்ற வேண்டியிருந்தது.

விளக்குக் கணக்கும் அவர்களை அவசரப்படுத்தியது. அப்போது பெரும்பாலான கார்களில் ஒரே அளவான, விலை குறைந்த வட்ட விளக்குகள்தான் இருந்தன. ஒவ்வொரு மாடலுக்கும் தனி வடிவ விளக்கு என்ற வழக்கம் ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்தது. தள்ளிப்போட்டால் செலவு பல மடங்காகும். மாற்றத்துக்கு முன்பே வலப்பக்க விளக்குகளைப் பூட்டிக்கொள்ளவும் வேண்டும், அந்த நாள்வரை இடப்பக்கம் ஓட்டவும் வேண்டும். அதற்குத்தான் தேதி போட்ட ஸ்டிக்கர். வலப்பக்கமாக உயரும் வெளிச்சத்தை அது மறைத்ததும், விளக்கு இரு பக்கமும் தாழ்ந்த பழைய டிம்மாக மாறியது. செப்டம்பர் 3 அன்று கிழித்தெடுத்தால் ஏற்றம் கிடைத்துவிடும்.

இதே வேலையை இன்று லண்டன் தமிழர்கள் பலர் செய்கிறார்கள். ஆகஸ்டு இறுதியில் பாரிஸ் லா சப்பல் மாணிக்க விநாயகர் தேர்த் திருவிழாவுக்கோ, உறவுக்காரர் கல்யாணத்துக்கோ காரிலேயே கிளம்பினால், 1994இல் திறந்த ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயிலில் காரை ஏற்றி ஃபோக்ஸ்டனிலிருந்து கலே போய் இறங்கலாம். இறங்கியதும் சாலை வலப்பக்கம். புறப்படும் முன்பே ஹெட்லைட்டில் ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும். சிலவகை ஸ்டிக்கர் வெளிச்சத்தை மறைக்கும், சிலவகை முப்பட்டக வரிகளால் அதைத் திருப்பிவிடும். எந்த இடத்தில் ஒட்டுவது என்பது காருக்குக் கார் மாறுவதால் பொட்டலத்தோடு வரும் படத்தைப் பார்த்தே ஒட்ட வேண்டும். ஊர் திரும்பியதும் மறக்காமல் உரிக்கவும் வேண்டும்.

ஸ்டிக்கர் இல்லாமலும் வழி உண்டு. சில எச்4 விளக்குகளில் பல்பின் இருக்கையை ஒரு நெம்புகோலால் 15 டிகிரி சுழற்றலாம். தகட்டின் திறப்பு மறுபக்கம் போய்விடும், டிம்மும் பக்கம் மாறிவிடும். லென்ஸ் வைத்த புரொஜெக்டர் விளக்குகள் சிலவற்றில் உள்ளே இருக்கும் தடுப்பையே நகர்த்தி வெளிச்சத்தைச் சமமாக்கலாம். இன்றைய எல்இடி கார்கள் பலவற்றில் திரையில் ஓர் அமைப்பை மாற்றினால் போதும்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் அண்டை நாடு சாட்சி. பர்மா 1970இல் வலப்பக்கம் மாறியது. அதற்கு முன்பே, 1960களில் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்கள் பலர் மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயில் குடியேறினார்கள். அவர்கள் புறப்பட்டபோது இரு நாடுகளும் இடப்பக்கமே ஓட்டின. இன்று மோரேயைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள தமு ஊரில் கால் வைத்தால் சாலை வலப்பக்கம், அங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவையோ ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். இடப்பக்கம் ஓட்டும் ஜப்பானுக்கென்று செய்த விளக்கைத் திருத்தாமல் இரவில் ஓட்டினால், அது ஒவ்வொரு முறையும் எதிராளியின் கண்ணைத்தான் தேடும்.

எல்லை தாண்டாத நமக்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி இப்படிக் கணக்குப் போடுகிறது: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், விளக்கின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருந்தால், அது கூசக் கூடாது. அந்தக் கண் எதிர்வண்டி ஓட்டுகிறவருடையது. இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால்தான் சட்டம் வலப்பக்கம் பார்த்து அளக்கிறது.

நம் சாலைகளில் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் உண்டு. அது வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும், திசையைத் திருத்தாது. ஹாலஜன் விளக்குக்குள் ஏதோ ஒரு எல்இடி பல்பைச் செருகினால் ஒளி பிறக்கும் இடமே மாறி, தகடு காத்துவந்த கோடு குலைந்துவிடும். வலப்பக்க நாட்டுக்குச் செய்த விளக்கை விலை குறைவென்று வாங்கி மாட்டினாலும் அதே கேடுதான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஐ.நா. விதிப்படி முத்திரை பெற்ற கார் விளக்கின் கண்ணாடியை எதிரே நின்று பாருங்கள். உங்கள் வலப்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது இடப்பக்கச் சாலைக்கானது. இரு முனை அம்பு என்றால் இரண்டுக்கும் ஆகும். அம்பே இல்லையென்றால் வலப்பக்க நாட்டுக்கானது, வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சமதரையில் சுவரைப் பார்த்துக் காரை நிறுத்தி டிம் போடுங்கள். கோடு இடப்பக்கம் ஏற வேண்டும், வலப்பக்கம் தாழ்ந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் மெக்கானிக்கிடம் ஃபோகஸ் செட் பண்ணச் சொல்லுங்கள். எஃப்சி காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஹெட்லைட் எரியும் ஒவ்வொரு நிமிடமும் அது முன்பின் தெரியாத யாரோ ஒருவர் முகத்தில் படுகிறது. அவரும் வீடு போய்ச் சேரும்படி அதைத் திருத்தி வைப்பது வண்டி ஓட்டுகிறவரின் முதல் கடமை.