மலை தந்த காதல் சொற்கள்

திருவண்ணாமலை மாவட்டம் கலசபாக்கம் வட்டத்தில், ஜவ்வாது மலைத் தொடரை ஒட்டி நிமிர்ந்து நிற்கிறது பருவதமலை. சங்க காலத்து நவிரமலை இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. செங்கண்மா என்று அன்று பெயர் பெற்றிருந்த செங்கத்திலிருந்து இந்த மலைநாட்டை ஆண்டவன் நன்னன். அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் 583 அடிப் பாட்டுதான் மலைபடுகடாம். 1889-ல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு.

அந்த வழியில் ஓர் எச்சரிக்கை வருகிறது. தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து யானையை விரட்டுகிறவர்கள் கவண் வீசுவார்கள். கல் பாய்ந்து வரும்போது மரத்தின் பின்னே ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் புலவர் பெருங்கௌசிகனார். இப்படிப்பட்ட புனங்களில் நடந்த காவல்தான் தமிழின் பழைய காதல் சொற்களில் பலவற்றைத் தந்தது.

தினை கதிர் பிடித்ததும் கிளி இறங்கும். கிளி ஓட்டப் பெண்களைப் புனத்துக்கு அனுப்புவார்கள். கையில் தட்டை, குளிர் என்ற ஓசைக் கருவிகள். ஏறி நிற்க இதணம் என்ற பரண். வேட்டைக்கு வந்த இளைஞன் அவளைப் பார்ப்பது அங்கேதான். ஊருக்குத் தெரியாமல் வளரும் அந்த உறவுக்குக் ‘களவு’ என்று பெயர். பகலில் சந்திக்கும் இடம் ‘பகற்குறி’. அறுவடை முடிந்தால் அவளுக்குப் புனத்தில் வேலை இல்லை. மகளின் மாற்றத்தைக் கண்டு தாய்க்குச் சந்தேகம் வந்தாலும் வெளியே விடமாட்டாள். அந்த வீட்டுக் காவல் ‘இற்செறிப்பு’. பிறகு ‘இரவுக்குறி’. யானையும் பாம்பும் திரியும் இருட்டில் அவன் மலை வழியே வர வேண்டும். வந்து சேர்வானா என்ற பயத்திலேயே அவள் மெலிவாள். இப்படி ஒரு பயிரின் பருவத்தோடு சேர்ந்தே நகர்கிறது களவின் கதை.

ஊர் வாயையும் பூவை வைத்தே சொன்னார்கள். நாலு பேர் தங்களுக்குள் முணுமுணுத்தால் அது மொட்டு நிலை: ‘அம்பல்’. ஊரே பேசினால் மலர்ந்துவிட்டது: ‘அலர்’. திருவள்ளுவர் அலருக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார்.

‘வரை’ என்றால் மலை. எல்லை என்றும் பொருள். இவள் எனக்கு உரியவள் என்று ஊரறிய எல்லை வகுத்துக்கொள்வது ‘வரைவு’, அதாவது திருமணம். அதற்காக அவன் தேடிக் கொண்டுவரும் செல்வம் ‘வரைபொருள்’. அன்று பொருள் தேட வேண்டியவன் மாப்பிள்ளைதான். ஆங்கிலேயர் கல்யாணத்துக்குச் சொல்லும் ‘வெட்டிங்’ என்ற சொல்லும் அவர்களது பழைய மொழியில் பிணை, உறுதிமொழி என்ற பொருளிலிருந்து வந்ததே. நண்பரைக் குறிக்கும் அவர்களது ‘ஃப்ரெண்ட்’ என்ற சொல்லின் வேரும் ‘நேசிப்பவர்’ என்பதே. தமிழிலும் நட்புக்கும் காதலுக்கும் இதே உறவு உண்டு. குறுந்தொகையின் 3-ஆம் பாட்டில் தேவகுலத்தார், மலைநாட்டுத் தலைவன் மீது ஒருத்தி கொண்ட காதலை ‘நட்பு’ என்றே சொல்கிறார்.

இந்தச் சொற்களில் அதிகம் உருமாறியது ‘கற்பு’. களவியலுக்கு அடுத்துக் கற்பியலை வைத்த தொல்காப்பியர், உரியவர் கொடுக்க உரியவன் சடங்கோடு ஏற்றுக்கொள்ளும் மண வாழ்வைக் கற்பு என்றார். களவில் தொடங்கியவர்கள் போய்ச் சேரும் அடுத்த கட்டம் அது. பெண்ணின் உடலை மட்டும் காவல் காக்கும் சொல்லாக அதைக் குறுக்கியது பின்னாளில் நடந்தது.

வீட்டார் மறுத்தால்? அதற்கும் வழி இருந்தது. முதலில் தோழி உண்மையைச் செவிலித்தாயிடம் சொல்லுவாள். அது ‘அறத்தொடு நிற்றல்’. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் இந்த ஒன்றைச் சொல்லவே எழுந்தது. காதலை மறைக்காமல் சொல்வதை அறத்தின் பக்கம் நிற்பது என்றார்கள் நம் முன்னோர். அதுவும் பலிக்காவிட்டால் இருவரும் ஊரைவிட்டுப் போவார்கள், அது ‘உடன்போக்கு’. அப்படிப் போனவர்களுக்கு, பெண்ணைக் கொடுப்பவர் இல்லாமலேயே திருமணச் சடங்கு உண்டு என்று தொல்காப்பியம் தெளிவாக விதி சொல்கிறது.

இன்று ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. ஜமுனாமரத்தூர் வட்டாரத்து மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழே. பயிர்க் காவலுக்கும் கல்யாணத்துக்கும் அவர்களிடம் உள்ள சொற்களை மூத்தவர்கள் இருக்கும்போதே நம் தமிழ்த்துறை மாணவர்கள் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாதி மாறிக் காதலித்ததற்காகப் பெற்ற பிள்ளைகளையே கொல்கிறவர்கள், பண்பாட்டைக் காத்தோம் என்கிறார்கள். அந்தக் கொலைக்குத் தொல்காப்பியம் சொன்ன மரபில் இடம் இல்லை. உடன்போனவர்களுக்கும் மணம் உண்டு என்று விதித்த மரபு நம்முடையது.

(தொடரும்)