கல்லும் பெயரும்: கண்டிப் போர் மயானத்தை முன்வைத்து ஒரு நோக்கு

போரில் மாண்ட வீரனுக்குக் கல் நாட்டி, அதில் அவனது பெயரையும் பெருமையையும் பொறித்து வழிபடுதல் பழந்தமிழர் மரபாகும். கல்லைக் கண்டு தெரிவது முதல் அதனை நட்டு வாழ்த்துவது வரையுள்ள படிநிலைகளைத் தொல்காப்பியம் ஆறாக வகுத்துரைக்கின்றது. மாண்டவன் யார் என்பதை அவ்வழியே செல்லும் அயலானும் அறிதல் வேண்டும் என்பதே அம்மரபின் உட்பொருள் எனலாம். இதே நோக்கினை இருபதாம் நூற்றாண்டு வடிவிற் காட்டும் இடமொன்று நமக்கு மிக அண்மையில் உள்ளது. அம்பிட்டியவிலிருந்து கண்டி நகரூடாகப் பேராதனைக்கு வரும் மாணவருட் பலர் அதனை அறியார். மகாவலிக்கு அண்மையில் அமைந்த கண்டிப் போர் மயானமே அது.

இரண்டாம் உலகப் போரின்போது கண்டியிற் சமர் எதுவும் நிகழவில்லை. ஆயினும் 1944 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையிலமைந்த தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு இடம்பெயர்ந்தது. பன்னாட்டுப் படையினர் இங்கு வந்து சேர்ந்தனர். நோயாலும் விபத்தாலும் மாண்டோர் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டனர். ஏறத்தாழ 200 கல்லறைகள் கொண்ட இம்மயானத்தில் பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர், கனேடியர் எனப் பலரும் அருகருகே துயில்கின்றனர்.

இதனைப் பராமரிக்கும் போர்க் கல்லறை ஆணைக்குழு 1917 இல் நிறுவப்பட்டது. மாண்ட ஒவ்வொருவரும் தத்தம் பெயரால் நினைவுகூரப்படல் வேண்டும். பதவி, இனம், சமயம் என்பன பற்றி வேற்றுமை காட்டலாகாது. உடல்கள் தாயகத்துக்கு எடுத்துச் செல்லப்படமாட்டா என்பன அதன் கொள்கைகள். இவற்றுள் இறுதியானதே மைந்தரையும் மகளிரையும் கடல்கடந்து வரச்செய்தது. தந்தையின் படையணி, சேவை எண், இறந்த நாள் ஆகியன ஏட்டிற் பதிவாகியிருத்தலால், அவர் ஏறிய துறைமுகம் முதல் அடங்கிய மண் வரை அவரது பயணத்தைப் பின்தொடர இயலுகின்றது. எனவே, இப்பயணங்களுக்கு அன்பு மட்டுமன்றி ஆவணமும் அடிப்படையாகின்றது.

எனினும் அவ்வாணைக்குழுவின் கொள்கை எங்கும் செவ்வனே பேணப்படவில்லை. முதலாம் உலகப் போரில் மாண்ட ஆபிரிக்கர், ஆசியருட் பல்லாயிரவர் தனித்தனிப் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்பதை ஆணைக்குழுவே 2021 இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. படையிற் சேர்ந்தோர் நிலையே இதுவெனில், படைப்பட்டியலில் இடம்பெறாத தொழிலாளர் நிலை யாதாயிருக்கும்?

இவ்வினாவுக்கு விடை காணக் கண்டியிலிருந்து சயாம் வரை நோக்குதல் வேண்டும். கண்டிச் சீமைத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிய தமிழ்நாட்டுக் கிராமங்களே மலாயாவின் றப்பர்த் தோட்டங்களுக்கும் அனுப்பின. ஆதலால் நமது மலையக மக்களுக்கு மலாயாத் தமிழர் அயலார் அல்லர். ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றிய பின்னர், அத்தோட்டத் தமிழருட் பல்லாயிரவர் சயாம் - பர்மா இரயில்பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1943 ஒக்டோபரில் நிறைவெய்தியது. பட்டினியும் வாந்திபேதியும் மலேரியாவும் அவர்களை மாய்த்தன. அங்கு மாண்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். ஆசியத் தொழிலாளரோ 80,000 முதல் 1,00,000 வரையினர் என மதிப்பிடப்படுகின்றது.

போர் முடிந்ததும் பாதையோரங்களிற் புதைக்கப்பட்ட கைதிகளின் எச்சங்கள் திரட்டப்பட்டு, காஞ்சனபுரி முதலிய மூன்று மயானங்களில் அடக்கம் செய்யப்பட்டன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள. அவற்றைத் தேடி அக்கைதிகளின் பிள்ளைகள் வருகின்றனர். மலாயாத் தொழிலாளியின் மகன் அங்குச் சென்றால் எக்கல்லின் முன் நிற்பான்? முன்னோர் பற்றிப் படைத்துறை ஏடுகள் பேணப்பட்டன. பின்னோரின் சாவைப் பெயர்வாரியாகப் பதிவதை எவரும் தமது கடமையாகக் கொள்ளவில்லை. எண்ணிக்கை மதிப்பீடாகவே நிற்பதன் காரணமும் இதுவே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற மலேசியத் தமிழ்ப் புதினங்கள் அவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்ப முயன்றன. அண்மை ஆண்டுகளிற் காஞ்சனபுரியில் தமிழருக்கென நடுகல்லும் நாட்டப்பட்டுள்ளது. அது போற்றற்குரியது, ஆயினும் அக்கல்லிற் பொறிக்கப்பட வேண்டிய பெயர்கள் இன்னும் திரட்டப்படவில்லை.

கண்டிப் போர் மயானத்தைக் காணும் மாணவன் அதன் ஒழுங்கை வியப்பதோடு அமைதல் போதாது. ஒரு சமுதாயம் தன் இறந்தோரின் பெயரை எழுதிவைக்கும்போதுதான் அடுத்த தலைமுறை அவர்களைத் தேடிச் செல்ல இயலும். தோட்டப் பதிவேடுகளிலும் முதியோர் நினைவிலும் எஞ்சியுள்ள பெயர்களைத் தொகுத்தல் வரலாற்று மாணவரின் பணியாகும். அம்முதியோரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். கல் நாட்டக் காலம் தாழ்ந்தாலும் பிழையில்லை. பெயரைத் திரட்டக் காலம் தாழ்த்தலாகாது.