புக்கிட் பாஞ்சாங் மேடுகளுக்கு எது பொருந்தும்: மின்-மலைச் சைக்கிளா, சாதாரண மலைச் சைக்கிளா?

மலாய் மொழியில் 'புக்கிட்' என்றால் குன்று, 'பாஞ்சாங்' என்றால் நீளம். பெயருக்கு ஏற்றாற்போல் மேடும் பள்ளமுமாக அமைந்த வட்டாரம் புக்கிட் பாஞ்சாங். வீவக புளோக்கிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சில நிமிடங்களிலேயே கால் தொடைகளுக்கு வேலை வந்துவிடும்.

மலைச் சைக்கிள் ஓட்டுவோருக்கு இங்கு வசதிகளும் அதிகம். 81 ஹெக்டர் பரப்பளவுள்ள செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா அருகிலேயே இருக்கிறது. 2017ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட அப்பூங்காவில் 8.2 கிலோமீட்டர் நீளத்திற்கு மலைச் சைக்கிள் தடங்கள் உள்ளன. தெற்கே சென்றால் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியைச் சுற்றி இன்னொரு மலைச் சைக்கிள் தடம். பழைய கேடிஎம் ரயில் தண்டவாளம் இருந்த 24 கிலோமீட்டர் 'ரெயில் காரிடோர்' பசுமைப் பாதையும் இந்த வட்டாரத்தின் வழியாகத்தான் செல்கிறது.

அண்மைய ஆண்டுகளில் மின்சார உதவியுடன் ஓடும் மலைச் சைக்கிள்கள் உலகம் முழுவதும் பரவியுள்ளன. அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் 2019ஆம் ஆண்டு கனடாவின் மோன்ட்-செயின்ட்-ஆனில் அவற்றுக்கென முதல்முறையாக உலக வெற்றியாளர் போட்டியையே நடத்தியது.

சாதாரண மலைச் சைக்கிளைவிட அதில் என்ன நன்மை? சிங்கப்பூரில், குறிப்பாக புக்கிட் பாஞ்சாங்கில் வசிப்பவருக்கு அந்த நன்மை எந்த அளவுக்குக் கிடைக்கும்? பெரிய தொகையைச் செலவிடுமுன் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

எப்படி இயங்குகிறது?

மின்-மலைச் சைக்கிளின் அமைப்பு சாதாரண மலைச் சைக்கிளை ஒத்ததே. தடித்த டயர்கள், அதிர்வு தாங்கி, வட்டு பிரேக், பல கியர்கள் ஆகிய எல்லாம் உண்டு. கூடுதலாக ஒரு மோட்டார், ஒரு பேட்டரி, பெடலில் கால் கொடுக்கும் அழுத்தத்தை அளக்கும் உணர்கருவி ஆகியவை பொருத்தப்பட்டிருக்கும்.

ஓட்டுநர் பெடலை மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யும். மெதுவாக மிதித்தால் சிறிது உதவி, அழுத்தி மிதித்தால் கூடுதல் உதவி. மோட்டார் சைக்கிளைப்போல கைப்பிடியைத் திருகி ஓட்டும் வண்டி அன்று இது.

தரமான மின்-மலைச் சைக்கிள்களில் மோட்டார் சக்கரத்தில் இருப்பதில்லை. இரு பெடல்களுக்கும் நடுவே, சட்டத்தின் அடிப்பகுதியில் இருக்கும். இதனால் எடை நடுவில் தாழ்வாக அமைகிறது. மோட்டாரின் விசை சங்கிலி, கியர் வழியாகச் செல்வதால் செங்குத்தான மேட்டிலும் அது திணறாது.

முதல் நன்மை: மேடு

பழக்கமில்லாத ஒருவரின் கால்களால் நெடுநேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி ஏறக்குறைய 100 வாட். மோட்டாரின் 250 வாட் அதனுடன் சேரும்போது, நடந்து தள்ளிச் செல்ல வேண்டிய மேட்டையும் அமர்ந்தபடியே ஏறிவிடலாம்.

இதன் பயன் வேகத்தில் மட்டும் இல்லை. சாதாரண மலைச் சைக்கிளில் ஒரு சுற்று முடித்துக் களைத்துப் போகிறவர் மின்-சைக்கிளில் இரண்டு, மூன்று சுற்று போக முடியும். களைப்பு குறைவாக இருக்கும்போது வளைவுகளிலும் வேர்கள் நிறைந்த இடங்களிலும் கவனம் சிதறாது.

இரண்டாவது நன்மை: ஒன்றாகப் போகலாம்

குடும்பமாகவோ நண்பர்களாகவோ சைக்கிளோட்டுவதில் பெரும் சிக்கல், எல்லாருடைய வலுவும் ஒன்றாக இல்லாததுதான். இருபது வயது மகன் முன்னே பறந்துவிட, ஐம்பது வயது அப்பா பின்னால் மூச்சு வாங்குவார். அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

மோட்டாரின் உதவி அளவைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் அந்த இடைவெளி சுருங்குகிறது. முழங்கால் வலி உள்ளவர்களும் நீண்ட காலம் உடற்பயிற்சியை விட்டுவிட்டவர்களும் மீண்டும் தொடங்க இது ஒரு வழி. இதய நோய், மூட்டுத் தேய்மானம் போன்றவை இருப்போர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது: உடற்பயிற்சி குறைந்துவிடுமா?

'மோட்டார் இருந்தால் அது என்ன உடற்பயிற்சி?' என்பது பலரும் கேட்கும் கேள்வி. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று இதற்கு ஓரளவு விடை தருகிறது. பழக்கமுள்ள 33 சைக்கிளோட்டிகள் ஒரே தடத்தில் இரு வகைச் சைக்கிளையும் ஓட்டினர். மின்-மலைச் சைக்கிளில் அவர்களின் சராசரி இதயத்துடிப்பு, சாதாரண மலைச் சைக்கிளில் இருந்ததில் 94 விழுக்காடாக இருந்தது.

ஆனால் மின்-சைக்கிளில் அதே தடம் விரைவாக முடிந்துவிடுகிறது. மிச்சமாகும் நேரத்தில் இன்னொரு சுற்று போனால்தான் உடற்பயிற்சி ஈடாகும். உதவி அளவை எப்போதும் உச்சத்தில் வைத்து ஓட்டினாலும் பயன் குறையும்.

நமது சமூகத்திற்கு இது சாதாரண விஷயமன்று. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையிலான சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று முக்கிய இனத்தவரில் அதுவே ஆக அதிகம். பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. முதல் மேட்டிலேயே மனம் தளர்ந்து சைக்கிளைப் படிக்கட்டோரம் பூட்டி வைத்துவிடுவோருக்கு, தொடர்ந்து ஓட்டவைக்கும் வண்டியே பயன் தரும் வண்டி.

சாதாரண மலைச் சைக்கிள் முந்தும் இடங்கள்

முதலாவது விலை. தொடக்கநிலை மலைச் சைக்கிளைச் சில நூறு வெள்ளிக்கு வாங்கிவிடலாம். பெயர்பெற்ற நிறுவனங்களின் மின்-மலைச் சைக்கிள்களுக்குச் சில ஆயிரம் வெள்ளி ஆகும். உயர்தர வகைகள் பத்தாயிரம் வெள்ளியையும் தாண்டும்.

இரண்டாவது எடை. சாதாரண மலைச் சைக்கிள் பொதுவாக 12 முதல் 15 கிலோ இருக்கும். முழு ஆற்றல் கொண்ட மின்-மலைச் சைக்கிள் 22 முதல் 25 கிலோ வரை இருக்கும். மரம் விழுந்து கிடக்கும் இடத்தில் தூக்கிக் கடப்பதும் மின்தூக்கிக்குள் நிமிர்த்தி நிறுத்துவதும் எளிதன்று. மேட்டில் உதவும் அதே வண்டி இறக்கத்தில் கூடுதல் எடையோடு இறங்குவதால் பிரேக்கை முன்கூட்டியே பிடிக்கப் பழக வேண்டும்.

மூன்றாவது பராமரிப்பு. மோட்டாரின் விசையால் சங்கிலியும் பற்சக்கரமும் விரைவில் தேயும். சேறு படிந்த வண்டியை உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவக்கூடாது. பேட்டரி வலுவிழந்தால் புதிதாக வாங்க வேண்டும், அதுவே பெரிய செலவு.

மின்சாரச் செலவு மட்டும் மிகக் குறைவு. 500 வாட்-மணி பேட்டரியை முழுதாக நிரப்ப அரை யூனிட் மின்சாரம்தான் தேவை. ஒரு யூனிட் சுமார் 30 காசு என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை மின்னூட்ட 20 காசுகூட ஆகாது. 250 வாட் உதவியை இடைவிடாது பயன்படுத்தினால் அந்த பேட்டரி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாங்கும். சிக்கனமாகப் பயன்படுத்தினால் அதற்கும் மேல்.

சட்டம் சொல்வது என்ன?

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து ஆசைப்படுவோர் தடுக்கி விழும் இடம் இதுதான். சிங்கப்பூரில் மோட்டார் உதவியுள்ள எந்தச் சைக்கிளும், அது மலைச் சைக்கிளாகவே இருந்தாலும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டது.

வண்டியின் எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்குமேல் இருக்கக்கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். பெடலை மிதிக்காமல் ஓடும் வசதி கூடாது. 'இஎன் 15194' எனும் ஐரோப்பியத் தரநிலையைப் பூர்த்திசெய்து, ஆணையத்தின் ஒப்புதல் பெற்று, முத்திரையிடப்பட்டு, பதிவு எண் பலகையும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது எடை வரம்பு. மோட்டார் ஆற்றலிலும் வேகத்திலும் ஐரோப்பிய விதியும் நமது விதியும் ஒத்துப்போகின்றன. ஆனால் அங்கு விற்கப்படும் முழு ஆற்றல் மின்-மலைச் சைக்கிள்களில் பெரும்பாலானவை 20 கிலோவுக்கு மேற்பட்டவை. எனவே, வெளிநாட்டில் தள்ளுபடி விலையில் வாங்கிக் கொண்டுவரும் வண்டியை இங்கு பதிவுசெய்ய முடியாமலே போகலாம். 17, 18 கிலோ எடையில் இலகுவகை மின்-மலைச் சைக்கிள்களும் உள்ளன. ஆனால் எடை குறைவாக இருப்பது மட்டும் போதாது, ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும்.

ஓட்டுநருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் கோட்பாட்டுத் தேர்வில் தேறியவர்கள் மட்டுமே மின்-சைக்கிளைச் சாலையிலும் சைக்கிள் பாதையிலும் ஓட்டலாம். சாலையில் தலைக்கவசம் கட்டாயம். பதிவு செய்யாத அல்லது சட்டவிரோதமாக மாற்றியமைத்த வண்டியை ஓட்டினால் அபராதமோ சிறைத் தண்டனையோ விதிக்கப்படலாம்.

எங்கே ஓட்டலாம்?

மின்-சைக்கிளுக்குச் சாலைகளிலும், பூங்கா இணைப்புப் பாதைகள் உள்ளிட்ட சைக்கிள் பாதைகளிலும் அனுமதி உண்டு. நடைபாதையில் அனுமதி இல்லை. சாதாரண சைக்கிளுக்கு அந்தத் தடை இல்லை. பாதசாரிகளுக்கு மட்டும் என ஒதுக்கப்படாத நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திற்குள் ஓட்டலாம்.

அன்றாட வாழ்வில் இது சிறிய வேறுபாடு அன்று. புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து பூங்கா இணைப்புப் பாதைக்குச் செல்லும் நடைபாதையில் சாதாரண சைக்கிளோட்டி மெதுவாக ஓட்டிச் செல்லலாம். மின்-சைக்கிள் வைத்திருப்பவர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

காட்டுக்குள் இருக்கும் மண் தடம் சாலையும் அன்று, சைக்கிள் பாதையும் அன்று. அங்கு தேசிய பூங்காக் கழகத்தின் விதிகளே பொருந்தும். 'மலைச் சைக்கிள் தடம்' என்று பெயர் இருப்பதால் மின்-மலைச் சைக்கிளுக்கும் அனுமதி உண்டு எனக் கருதிவிடக்கூடாது. நுழைவாயில் பலகையில் தெளிவான அனுமதி இல்லையென்றால் மின்-சைக்கிளை உள்ளே கொண்டுசெல்லாமல் இருப்பதே சரி.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணமும் உண்டு. செஸ்ட்நட், புக்கிட் தீமா தடங்கள் குறுகலானவை. மத்திய நீர்ப்பிடிப்பு வனத்தை ஒட்டிய இப்பகுதியில் எறும்புத்தின்னி போன்ற அரிய விலங்குகள் வாழ்கின்றன. மேட்டில் விரைவாக ஏறி வரும் கனமான வண்டியை எதிரே வருபவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

ஆக, மின்-மலைச் சைக்கிளின் தலையாய நன்மையான மலையேற்றத்தை முழுமையாக அனுபவிக்க புக்கிட் பாஞ்சாங்கில் வாய்ப்பு குறைவு. சாலை மேடுகளிலும் நீண்ட தொலைவு செல்லும் இணைப்புப் பாதைகளிலும்தான் அது கைகொடுக்கும். விடுமுறையில் வெளிநாட்டு மலைப்பகுதிக்குச் செல்வோர், அவ்விடத்து விதியைக் கேட்டறிந்து, அங்கேயே வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கலாம்.

வீட்டில் பாதுகாப்பு

வீவக வீட்டில் பெரிய லித்தியம் பேட்டரியை வைத்திருப்பது பொறுப்பான செயலாக இருக்க வேண்டும். 2019 ஜூலையில் அண்டை வட்டாரமான புக்கிட் பாத்தோக்கில் மின்-ஸ்கூட்டர்கள் தொடர்புடைய தீயில் ஒருவர் உயிரிழந்தார்.

இரவு முழுவதும் மின்னூட்டவோ, வீட்டில் ஆளில்லாதபோது மின்னூட்டவோ கூடாது. தயாரிப்பாளர் தந்த மின்னூட்டியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். வாசற்கதவுக்கு அருகில் மின்னூட்டினால், தீப்பிடிக்கும்போது வெளியேறும் வழி அடைபட்டுவிடும். கீழே விழுந்து அடிபட்ட அல்லது வீங்கிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தக்கூடாது.

யாருக்கு எது?

செஸ்ட்நட், புக்கிட் தீமா மண் தடங்களில் ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் சாதாரண மலைச் சைக்கிளே ஏற்றது. பள்ளி மாணவர்களுக்கும் முதன்முறையாகச் சைக்கிளோட்டம் பழகுவோருக்கும் அதுவே போதும். மேடு கடினமாக இருந்தால் மோட்டாருக்குப் பதிலாகச் சிறிய முன்பற்சக்கரமும் அகலமான கியர் தொகுப்பும் பொருத்தித் தரும்படி கடையில் கேட்கலாம். செலவு குறைவு, பலன் உடனே தெரியும்.

வேலைக்கும் கடைக்கும் சாலை, சைக்கிள் பாதை வழியாகச் செல்பவர், முழங்கால் ஒத்துழைக்காதவர், துணையின் வேகத்திற்கு ஈடுகொடுக்க விரும்புபவர் ஆகியோருக்கு ஒப்புதல் பெற்ற மின்-சைக்கிள் பொருந்தும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த வண்டிக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் உள்ளதா? பேட்டரியுடன் சேர்த்து எடை எவ்வளவு? மாற்று பேட்டரியின் விலை என்ன? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், பணம் கட்டாமல் வந்துவிடுவது நல்லது.