ஒரு மாத ஓய்வு: மலையகத் தோட்டப் பெண்களின் இடுப்புத்தள நோய்களும் பிரசவச் சட்டங்களும், 1912–2018

இலங்கை மலையகத்தில் பிள்ளை பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு எத்தனை நாள் ஓய்வு? ஒரு மாதம் என்றது 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம், பின் நான்கு வாரம் என்றது 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நலன்கள் கட்டளைச் சட்டம். 1985ஆம் ஆண்டின் திருத்தப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 12 வாரம் கிடைத்தது. மூன்றாவது பிள்ளையிலிருந்து 6 வாரம்தான். முன் இரண்டு வாரம் போக, பிள்ளை பிறந்த பின் மிஞ்சியது நான்கே வாரம். 2018ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பிறகுதான் எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம் என்றானது. ஆக, மூன்றாவது பிள்ளையிலிருந்து தோட்டத் தாய்க்குப் பிரசவத்துக்குப் பிந்திய ஓய்வு 106 ஆண்டுகளாக ஒரு மாதத்தைத் தாண்டவில்லை.

அந்த ஒரு மாதம் அவளுடைய இடுப்புக்குள் என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. மலைநாட்டில் அடிவயிற்று வலியும் கர்ப்பப்பை இறக்கமும் சிறுநீர்க் கசிவும் வயதானால் வருவது, பெண்ணாய்ப் பிறந்தால் படுவது என்றே பேசப்பட்டு வந்திருக்கின்றன. பிரசவமும் முதுமையும் எல்லா நாட்டுப் பெண்களுக்கும் பொதுதான். பிரசவத்துக்குப் பின் எத்தனையாவது நாள் மலையேற வேண்டும் என்பதை மட்டும் சட்டமும் சம்பளமும் தீர்மானித்தன. அந்தப் பகுதிக்கு வரலாறு உண்டு, பொறுப்பாளிகளும் உண்டு.

பூண்டுலோயாவில்

கொத்மலை ஓயாவில் சேரும் ஓர் ஆற்றின் பெயரைத் தாங்கிய சிறு நகரம் பூண்டுலோயா. சுற்றிலும் டன்சினன், சீன், ஹெரோ எனத் தோட்டங்கள். நுவரெலியா மாவட்டத்தின் செங்குத்தான சரிவுகள் இங்கே உண்டு. மலைக்கும், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கும் இடையில் நாளுக்குப் பலமுறை ஏறி இறங்காமல் இங்கு பிழைப்பு இல்லை. இந்த ஊரின் பெயர் உலக அறிவியலில் பூச்சிகளின் வழியாகப் பதிந்திருக்கிறது. இங்கே வாழ்ந்த எட்வர்ட் எர்னஸ்ட் கிறீன் 1890இல் தேயிலைச் செடியின் பூச்சிகளைப் பற்றி ஒரு நூலும், 1896 முதல் 1922 வரை இலங்கையின் செதிற்பூச்சிகளைப் பற்றிப் பல பகுதிகளாக ஒரு பெருநூலும் வெளியிட்டார். பல பூச்சியினங்களின் முதல் மாதிரி பூண்டுலோயாவில் பிடிக்கப்பட்டது என்று இன்றும் அருங்காட்சியகப் பட்டியல்கள் சொல்கின்றன. கிறீனின் உழைப்பு மதிக்கத்தக்கது. அதே சரிவில் அதே ஆண்டுகளில் கொழுந்தெடுத்த பெண்களின் உடல் அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைப் பெற்றிருந்தால்கூட மலையகத்தின் மருத்துவ வரலாறு வேறாக இருந்திருக்கும்.

பெண்கள் பெருந்தொகையாக இந்த மலைக்கு வந்ததே தேயிலையால்தான். கோப்பிக் காலத்தில் வேலை பருவத்துக்கு உரியது. வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள், பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலை நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். அந்த வேலை பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்டது, குறைந்த கூலியோடு. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஆண் பெண் கூலி சமமானது 1984இல்தான்.

உடல் படும் பாடு

இடுப்புக்கூட்டின் அடியில், முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வாலெலும்பு வரை, தூளி போலத் தொங்கும் தசைப் படலம்தான் இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அது தாங்குகிறது. இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். தசை தானாகச் சுருங்கி எதிர்த்து நிற்கும். யோனிவழிப் பிரசவத்தில் இந்தத் தசை தன் நீளத்தைப் போலப் பல மடங்கு இழுபடுகிறது. சிலருக்கு எலும்போடு ஒட்டிய இடத்திலிருந்தே பிய்ந்துவிடுகிறது என்பதை 2000த்துக்குப் பின் வந்த முப்பரிமாண ஸ்கேன்கள் தெளிவாகக் காட்டின. கர்ப்பப்பை ஆறு வாரத்தில் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். இந்தத் தசையும் அதன் நரம்புகளும் தேற மாதக்கணக்கு ஆகும். சட்டங்கள் தந்த நான்கு வாரம் கர்ப்பப்பையின் கணக்கையே எட்டவில்லை; தசையின் கணக்கு அவற்றில் ஏறவே இல்லை.

காலைப் பிரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு முடிந்து மலைக்குப் போகும் பெண்ணைப் பாருங்கள். இடுப்பில் படங்கு இறுக்கிக் கட்டியிருக்கும். கூடையின் கயிறு உச்சந்தலையில், கூடை முதுகில். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே எனச் சரிவில் நின்று இரண்டு கையாலும் பறிக்கிறாள். மழை நாளில் ஈரக் கொழுந்து இன்னும் கனக்கும். கூடை நிறைந்ததும் மடுவத்துக்கோ நிறுவை இடத்துக்கோ இறங்கி, நிறுத்துக் கொட்டி, மீண்டும் ஏறுகிறாள். 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டம் வைத்த அளவு வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். மலையில் கழிவறை கிடையாது. சிறுநீரை அடக்கிக்கொள்வது பழக்கமாகிவிடுகிறது, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதும் உண்டு. அதனால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் முக்கல், முக்கலால் தசை மேலும் தளர்கிறது.

கூடை ஒன்றையே குற்றவாளி ஆக்குவதற்கு நான் உடன்படவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும்போது தலையில் ஏறும் விறகுக்கட்டும், லயத்துக் குழாயடியிலிருந்து தூக்கும் தண்ணீர்க் குடமும் பாரம்தான். தூக்கும் விதமும் மோசமானது. பாரம் தூக்கும் தொழிலுக்கும் கர்ப்பப்பை இறக்கத்துக்கும் உள்ள தொடர்பை 1994இல் டென்மார்க்கில் வந்த ஆய்வு ஒன்று காட்டியது: நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் தாதி உதவியாளர்களுக்கு, மற்றப் பெண்களைவிட ஒன்றரை மடங்குக்கு மேலாக இறக்க அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அவர்கள் சமதரையில் நின்று, நன்றாகச் சாப்பிட்டு வேலை செய்தவர்கள். மலையகத்திலோ 2006–07ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில் தோட்டப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர். மெலிந்த உடலில் தசை மட்டும் எப்படித் திடமாக இருக்கும்?

சட்டம் எண்ணியவை

1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் நல்ல அம்சம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் தருவதும் அவளை வேலைக்கு அழைக்காதிருப்பதும் தோட்டத் துரையின் கடமை என்றது அது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பராமரிப்பையும் அவர்மீதே சுமத்தியது. ஆனால் மாவட்ட மருத்துவ அதிகாரி ‘தகுதி’ என்று சொல்லிவிட்டால் அந்த மாதத்துக்கு முன்னரே அவளை வேலைக்கு எடுக்கலாம்.

லயத்துக்குள் வேறொரு ஒழுங்கு நடந்தது. மருத்துவச்சி வந்து பிள்ளை எடுத்தாள். வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள், பத்தியம் போட்டார்கள், தீட்டு என்று ஒரு மூலையில் இருத்தினார்கள். தீட்டு என்ற எண்ணத்தை ஆதரிக்க முடியாது. ஆனால் அதன் பெயரால் கிடைத்த படுக்கை இடுப்புத்தளத்துக்கு நன்மை செய்திருக்கலாம். வயிற்றை மிக இறுக்கிக் கட்டியது, அழுத்தத்தைக் கீழ்நோக்கித் தள்ளித் தீமையும் செய்திருக்கக்கூடும்.

பின்னர் பிரசவம் தோட்ட ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து அரச ஆஸ்பத்திரிக்கும் நகர்ந்தது. இன்று இலங்கையில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன. தாய் மரணம் வெகுவாகக் குறைந்தது. உலகமே மெச்சும் சாதனை இது, குறை சொல்ல இடமில்லை. ஆனால் நிர்வாகம் எதை எண்ணுகிறதோ அதைத்தான் திருத்தும். தாய் மரணத்துக்கும் சிசு மரணத்துக்கும் பதிவேட்டில் இடம் இருந்தது. உயிரோடு திரும்பி, இருமினால் சேலை நனையும் பெண்ணுக்கு இருக்கவில்லை.

1985ஆம் ஆண்டின் திருத்தத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இடுப்புத்தளச் சேதம் ஒவ்வொரு பிரசவத்தோடும் கூடுகிறது. மூன்றாவது பிள்ளை பெற்றவளுக்கே அதிக ஓய்வு தேவை. சட்டமோ அவளுக்குத்தான் பாதி ஓய்வைக் கொடுத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஊக்குவிப்பது அக்காலக் கொள்கை. 1980 முதல் கருத்தடை அறுவைக்கு அரசு ஊக்கப்பணம் கொடுத்தது. தோட்டங்களில் அந்த அறுவை பரவலாக நடந்தது. பெண்ணின் கருவளம் அரசின் கண்ணில் பட்ட அளவுக்கு அவள் வலி படவில்லை. மக்கள்தொகைக் கணக்குக்காகத் தாய்க்கு ஓய்வை மறுத்த இந்த விதி 33 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. மருத்துவ நோக்கில் இது தவறான சட்டம்.

மருத்துவம் கடந்து வந்த வழி

இறங்கிய கர்ப்பப்பையை உள்ளே தாங்க மாதுளம்பழத்தை வைத்த பழங்கிரேக்க வைத்தியத்திலிருந்து இன்றைய சிலிக்கோன் வளையம் வரை ஒரே யோசனைதான் ஓடுகிறது. 1888இல் மான்செஸ்டரில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் தொடங்கிய தையல் முறை அறுவையைப் பொதுவழக்கு ஆக்கியது. பெரிய திருப்பம் 1948இல் வந்தது. அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் ஆர்னல்ட் கெகல், இந்தத் தசையைப் பயிற்சியால் வலுப்படுத்த முடியும் என்று காட்டினார். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல உள்ளே மேல்நோக்கி இழுத்து, சில நொடி பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். மூச்சைப் பிடிக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. இதற்குக் கருவியோ காசோ தேவையில்லை. கெகலின் ஆய்வு வெளியான 1948ஆம் ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கு இல்லாத மக்களின் உடல்நலத்துக்காக நாடாளுமன்றத்தில் வாதாட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை. அடிவயிற்று வலி எல்லாமே தசைத் தளர்ச்சி அல்ல. சிலருக்கு இதே தசை இறுகிப்போய் வலிக்கும். உடலுறவிலும் மலம் கழிக்கும்போதும் வலி கூடும். அவர்களுக்கு இழுத்துப் பிடிக்கும் பயிற்சி வலியை அதிகரிக்கும். தளர்த்தும் பயிற்சியே வேண்டும். கர்ப்பப்பையின் உட்படலத்தை ஒத்த திசு வெளியே வளர்வது, கிருமித் தொற்று, சிறுநீர்ப்பை நோய் எனப் பிற காரணங்களும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறது மருத்துவம். வலி மாத்திரையோடு அதைத் திருப்பி அனுப்பக் கூடாது, பரிசோதிக்க வேண்டும்.

1994ஆம் ஆண்டு கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டையொட்டி 1996இல் இலங்கை அரசு சுகவனிதையர் கிளினிக்குகளைத் தொடங்கியது. 35 வயது கடந்த பெண்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே பரிசோதிக்கிறார்கள். கர்ப்பப்பை இறக்கம் மருத்துவர் கண்ணில் படக்கூடிய இடமும் அதுதான். ஆனால் வேலை நாளில் கிளினிக் போனால் ஒரு பேர் போய்விடும். பரிசோதிப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், கீழே ஏதோ இறங்குகிறது என்று சொல்லப் போனவள் இடுப்பு வலி என்று மட்டும் சொல்லித் திரும்புவாள்.

நேபாளத்திலும் மலைப்பெண்கள் நெற்றியில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமக்கிறார்கள். பிரசவித்த சில நாளில் வயலுக்குப் போகிறார்கள். கர்ப்பப்பை இறக்கம் அங்கே பரவலாக இருப்பது பெண்களின் இனப்பெருக்க உரிமையை மீறுகிறது என்று 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அரசு பணத்தில் பெரும் எண்ணிக்கையில் அறுவைகள் நடந்தன. தடுப்பு பின்தங்கியது என்ற விமர்சனம் நியாயமானதே. ஆயினும் நோயை விதியிலிருந்து பிரித்து உரிமைக் கணக்கில் எழுதியது அந்தத் தீர்ப்பு.

இலங்கையில் பிரசவத்துக்குப் பிந்திய வீட்டுப் பார்வை 42ஆம் நாளையொட்டி முடிகிறது. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் குடும்பநல உத்தியோகத்தர் தமிழில் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: இருமினால் சிறுநீர் கசிகிறதா? கீழே எதுவும் இறங்குவது போல இருக்கிறதா? அடிவயிற்றிலோ உடலுறவின்போதோ வலிக்கிறதா? பதிவேட்டில் அதற்கு ஓர் இடம் வேண்டும். கிளினிக் நாளுக்கு முழுப்பேர் கொடுக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் முன்வைக்கக்கூடிய கோரிக்கை இது.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு: இந்த நோய்க்குப் பயிற்சியும் வளையமும் அறுவையும் உண்டு. அரச ஆஸ்பத்திரியில் காசு வாங்க மாட்டார்கள். அம்மாவுக்கோ மாமியாருக்கோ இந்தக் கஷ்டம் இருந்தால், அடுத்த கிளினிக் நாளில் கூடப் போய், வாய் விட்டுச் சொல்லுங்கள்.