தொட்டிற் பழக்கமும் தோட்டத்து வாழ்வும்

'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. இளமையிற் படிந்தது இறுதிவரை நிலைக்கும் என்பது அதன் கருத்து. ஆயினும், பதுளையைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களின் வரலாற்றை உற்றுநோக்குவார்க்கு, 'நான் யார்?' என்னும் வினாவுக்குரிய விடையை மனிதன் வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொண்டே இருக்கிறான் என்பது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, முதலில் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் தமிழகத்து மக்கள் இம்மலைகளுக்கு அழைத்துவரப்பட்டனர். கங்காணி தன் உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தமையால், ஊர் வழக்கமும் சாதிக் கட்டுப்பாடும் அவர்களோடு லயங்களிற் குடியேறின. யாரை மாமன் என்று அழைப்பது, யார் முன்னே எழுந்து நிற்பது என்பவற்றைக் குழந்தை லயத்து வாசலிலேயே கற்றது. வளர்ந்தபின், விடியலில் முழங்கிய தப்பொலியும் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களமும் அதற்கு அடுத்த பள்ளியாயின. துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அடங்கி நடத்தலே அங்குப் பாடம். எனினும், மாசியில் காமன் கூத்து நிகழும்போது அதே தொழிலாளி மன்மதனாகவோ இரதியாகவோ வேடம் பூண்டு ஊரார் நடுவே நின்றான். கூலி என்னும் பெயருக்கு அப்பாலும் தனக்கொரு மதிப்பு உண்டென்பதை அக்கூத்து அவனுக்கு உணர்த்தியது.

இனி, அரசு புகட்டிய பாடத்தைக் காண்போம். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இம்மக்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனியே வகுத்தது. 1947இல் பதுளைத் தொகுதி, இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே பிறந்த குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியர் என்று எண்ணிக்கையாற் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாக ஏற்றன. முதுமையுற்றோரும் தாம் எந்நாட்டார் என்பதை விண்ணப்பத் தாளில் எழுதி மெய்ப்பிக்கக் கற்கவேண்டியதாயிற்று. நாடற்ற நிலையை நீக்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் நிறைவேறின.

இத்தனை இடர்களுக்கு இடையே அம்மக்கள் தமக்குத் தாமே ஒரு பெயரைத் தெரிந்துகொண்டனர். 'மலையகத் தமிழர்' என்பதே அது. படித்த இளைஞரும் எழுத்தாளரும் ஆசிரியரும் அதனைப் பரப்பினர். பெற்றோர் தம் பிள்ளைகளிடமிருந்து அதனைக் கற்றனர். இங்கே தொட்டிலில் கிடந்தவரே தொட்டில் ஆட்டியவருக்கு ஆசான் ஆயினர்.

ஆதலின், ஆசிரியராகிய நமக்குப் பொறுப்பு மிகுதி. 'தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும்' என்று வகுப்பறையில் ஒருவர் சொல்லும் சொல்லும் ஒரு பாடமே. அதனையும் மாணவன் கற்றுக்கொள்வான் என்பதை நாம் மறத்தலாகாது.