கோபர் கேஸ்: குழிக்குள் இருந்தது யார்?

பி.காம் படிக்கிறவனுக்குச் சாணியில் என்ன வேலை என்று கேட்கப் போகிறீர்கள். இதில் வரவு செலவு இருக்கிறதே, அது போதாதா? :-)

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் சில பழைய தோட்டத்து வீடுகளின் பின்புறம், வட்டக் குழி ஒன்றும் அதன்மேல் துருப்பிடித்த இரும்பு டிரம்மும் பார்த்திருக்கலாம். அதுதான் கோபர் கேஸ்.

சேற்றைக் கிளறினால் எரியும் வாயு வரும் என்பதை 1776-இல் இத்தாலியில் வோல்டா கண்டார். பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளிகள் இல்லத்தின் கழிவுத்தொட்டி வாயுவை 1897-லேயே பயன்படுத்தினார்கள். டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய் 1939-இல் சாணத்தை வைத்துச் சோதனை செய்தார். 1950-களில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் டிரம் மாதிரியை உருவாக்க, 1960-களில் கதர் கிராமத் தொழில் கமிஷன் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது.

இத்தனைக்கும், குழிக்குள் வேலை பார்ப்பது யார் என்று சரியாகத் தெரியாது! மற்ற பாக்டீரியாக்கள் சாணத்தைச் சிதைத்து அமிலமாக்கும். கடைசியில் ஒரு கூட்டம் அதை மீத்தேனாக்கும். ஆக்சிஜன் பட்டால் இவை தாங்காது. இவையும் பாக்டீரியா என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1977-இல் அமெரிக்காவின் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் மரபணுச் செய்தியை ஒப்பிட்டுப் பார்த்து, இது தனி வம்சம் என்றார்கள். பின்னாளில் ஆர்க்கியா என்று பெயர் வைத்தார்கள். முதலாளிக்கே தெரியாமல் இத்தனை வருஷம் உழைத்த தொழிலாளிகள்!

இந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் வேண்டாம், ஆனால் தினமும் சாப்பாடு வேண்டும். ஒரு கன மீட்டர் வாயுவுக்குச் சுமார் 25 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். ஒரேயடியாகக் கொட்டினால் அமிலம் கூடிக் குழி புளித்துவிடும், வாயு நின்றுவிடும். நம்ம ஊர் வெயில் இவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். தண்ணீர்தான் பிரச்சினை. மழை பொய்த்த வருஷத்தில் குடிக்கவே குடத்தோடு அலைகிறவர்கள் குழிக்கு எங்கே ஊற்றுவது?

அடுத்தது இரும்பு. செலவில் பெரும்பங்கு டிரம்முக்குத்தான். அது துருப்பிடிக்கும் என்று பூட்டு ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். தேய்மானத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை. செங்கல் கூரை வைத்த ஜனதா மாதிரி 1978-லும், அதைவிடச் செலவு குறைந்த தீனபந்து 1984-லும் வந்து டிரம்மை ஒழித்தன. 1981-இல் மத்திய அரசு மானியத் திட்டமும் ஆரம்பித்தது. கட்டுவதற்குக் காசு கொடுத்தார்கள். ஓட்டை அடைக்க யார் வருவார்?

அதற்குள் டிராக்டர் வந்து உழவுமாடு குறைந்தது. சாணம் கரைத்துக்கொண்டிருந்த பெண்களில் பலர் நூற்பாலைக்கு வேலைக்குப் போனார்கள். 2007-இல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. காலை ஐந்து மணிக்குச் சாணி கரைப்பதா, குமிழைத் திருகுவதா?

என் கணக்கில் அம்மாக்கள் எடுத்த முடிவு சரிதான். ஆனால் ஒரு பத்தியை விட்டுவிட்டோம். வாயு போன பிறகும் குழியிலிருந்து வருகிற கரைசல் நல்ல எரு. சிலிண்டர் அதைத் தராது. நாலைந்து மாடு வைத்திருக்கும் வீட்டில் இரண்டு கன மீட்டர் குழி இன்னமும் லாபத்தில்தான் ஓடும், யாராவது தினமும் கரைக்கத் தயாராக இருந்தால்.