நிகண்டா? சொற்களஞ்சியமா?

கிள்ளானில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து, "மலாய்ப் பாடத்தில் 'தெசாவுருஸ்' என்றொரு நூலைக் காட்டினார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர், டீச்சர்?" என்று கேட்டாள். 'சொற்களஞ்சியம்' என உடனே விடை கூறிவிட்டேன். வீடு திரும்பிய பின்னர்தான் அவ்விடை போதாது எனத் தோன்றியது.

சொற்களஞ்சியம் என்பதை நாம் சொல்வளம் என்ற பொருளிலும் அன்றாடம் வழங்குகிறோம். 'ஒருபொருட் பன்மொழி அகராதி' என்றாலோ இலக்கணம் இடறும். 'உயர்ந்தோங்கிய' என்பதைப் போல, ஒரே பொருளுடைய சொற்கள் அடுத்தடுத்து வருவதே ஒருபொருட் பன்மொழி.

களஞ்சியம் என்னும் உவமை மட்டும் உலகிற்கே பொதுவானது. 1852இல் ரோஜே தம் ஆங்கில நூலுக்குச் சூட்டிய 'தெசாரஸ்' என்ற பெயர், கருவூலம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. வடமொழியில் 'கோசம்' என்பதும் கருவூலமே. சொல்வளத்தை மலாயில் 'பெர்பெண்டஹாராஆன் காத்தா' என்கிறோமல்லவா? அதனுள் இருக்கும் 'பெண்டஹாரா', நம் 'பண்டாரம்' என்ற சொல்லுக்கு உறவு.

நம்மவர் வைத்திருந்த பெயரோ நிகண்டு. திவாகரர் இயற்றிய சேந்தன் திவாகரம் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வழிச் சொற்களைப் பிரித்து, 12 தொகுதிகளாக அமைந்தது. பின்னர் பிங்கலந்தையும், மண்டல புருடரின் சூடாமணி நிகண்டும் தோன்றின. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் சூடாமணியை மனனம் செய்தனர். நிகண்டு வடசொல்லாயிற்றே எனத் தயங்குவோர் உண்டு. நன்னூலார் பிங்கலம் போன்ற நூல்களை 'உரிச்சொல்' என்றே சுட்டினார். ஆயினும், இன்று மாணவர்க்கு உரிச்சொல் என்பது நால்வகைச் சொற்களுள் ஒன்றாகவே தெரியும்.

1594இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்தார். அவற்றுள் பொருளகராதியே ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தருவது. காலப்போக்கில் அகர வரிசை வென்றது, அகராதி நிலைத்தது, நிகண்டு வகுப்பறையிலிருந்து மறைந்தது.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. யானைக்கு வேறு சொற்கள் என வேழம், கரி, களிறு, பிடி என்று ஒருமுறை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மறுநாள் ஒரு மாணவன், 'நீண்ட தந்தங்களையுடைய பிடி' என்று கட்டுரையில் எழுதி வந்தான். களிறு ஆண், பிடி பெண் என நான் சொல்லித் தரவில்லை. பிழை அவனுடையதன்று, என்னுடையது. நிகண்டுகளோ பெண்யானையின் பெயர்களைத் தனியே தொகுத்து வைத்திருக்கின்றன. வெறும் பட்டியலுக்கும் நிகண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் உணர்ந்தேன்.

ஆகவே, அம்மாணவியிடம் என் விடையைத் திருத்திக் கூறினேன்: "அதன் பெயர் நிகண்டு, அம்மா." ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளைகள் ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். அச்சொல் எங்குப் பொருந்தும், எங்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே கொடுங்கள்.